ஒரு மூலம், பல திரைக்கதைகள்: இருமொழித் தமிழ்த் திரைப்படங்களில் பாட வேறுபாடு

ஆய்வுச் சுருக்கம்

ஒரே கதை ஆவணத்திலிருந்து இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மொழிகளில் திரைக்கதைகளை உருவாக்கும் வழக்கம் தமிழ்த் திரைத்துறையில் நெடுங்காலமாக உள்ளது. இவ்வாறு உருவான வடிவங்களுள் ஒன்றை மூலம் என்றும் மற்றதை மொழிபெயர்ப்பு என்றும் கொள்வதே திறனாய்வில் பெருவழக்கு. அவ்வழக்கு போதுமானதன்று என்பதையும், தமிழ்ப் பதிப்பியல் வளர்த்தெடுத்த பாட வேறுபாடு என்னும் கருத்தாக்கம் இவ்வடிவங்களை ஆராயப் பொருத்தமானது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. மிஸ்ஸியம்மா, ஆய்த எழுத்து, இராவணன், பாகுபலி ஆகிய படங்களின் வடிவங்கள் ஒப்பிடப்படுகின்றன. உறவுமுறை, இடம், சமூக அடையாளம் ஆகிய மூன்றையும் மூல ஆவணம் எந்த அளவுக்கு வெற்றிடமாக விடுகிறது, அவ்வெற்றிடத்தைத் தமிழ் வடிவம் எவ்வாறு நிரப்புகிறது என்பதே கட்டுரையின் மையக் கேள்வி.

திறவுச்சொற்கள்: திரைக்கதை, மூல ஆவணம், இருமொழிப்படம், பாட வேறுபாடு, நிரப்பிடம், வட்டார வழக்கு.

1. முன்னுரை

தமிழின் முதல் பேசும்படமாகக் கொள்ளப்படும் காளிதாஸ் 1931 அக்டோபர் 31 அன்று வெளியானது. அப்படத்தில் டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, உடன் நடித்தவர்கள் தெலுங்கிலும் இந்தியிலும் மறுமொழி கூறினர். ஒரு படத்திற்குள் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகள் ஒலித்த காலம் அது. 17 ஆண்டுகளுக்குப் பின் ஜெமினி நிறுவனத்தின் சந்திரலேகா 1948 ஏப்ரலில் தமிழிலும் அதே ஆண்டு டிசம்பரில் இந்தியிலும் வெளிவந்தபோது நிலைமை தலைகீழாகியிருந்தது. ஒரு கதைக்குள் பல மொழிகள் என்ற நிலை மாறி, பல மொழிகளுக்கு ஒரு கதை என்ற நிலை உருவாயிற்று.

இம்மாற்றம் வணிகக் காரணங்களால் நிகழ்ந்தது. அரங்க அமைப்பு, உடை, படச்சுருள், கலைஞர்களின் நாட்கள் ஆகியவற்றுக்குச் செலவிட்ட பொருளை ஒன்றுக்கு மேற்பட்ட சந்தைகளிலிருந்து மீட்பதே தயாரிப்பாளரின் நோக்கம். எனினும் அதன் விளைவு இலக்கிய ஆய்வுக்கும் உரியது. ஒரு மூல ஆவணத்திலிருந்து இரண்டு திரைக்கதைகள் எழுதப்படும்போது, எது மாறலாம், எது மாறக்கூடாது என்னும் முடிவை யாரோ ஒருவர் எடுத்தாக வேண்டும். ஒருமொழிப் படத்தில் இம்முடிவு கண்ணுக்குத் தெரிவதில்லை. இருமொழிப் படத்தில் அது இரு வடிவங்களுக்கும் இடைப்பட்ட வேறுபாடாகப் பதிவாகிவிடுகிறது.

தமிழாய்வுக்கு இத்தகைய வேறுபாட்டைப் படிக்கும் பயிற்சி ஏற்கெனவே உண்டு. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது, ஒரே நூலின் பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பாட வேறுபாடுகளைக் கவனிக்கும் நெறி தமிழ்ப் பதிப்புலகில் வேரூன்றியது. ஏட்டின் வேறுபாடு எழுதுவோரின் பிழையாலும் வரலாம். ஒரு வட்டாரத்தின், ஒரு காலத்தின் வாசிப்பாலும் வரலாம். இரண்டையும் பிரித்தறிவதே பதிப்பாசிரியரின் பணி. திரைக்கதையின் பல்வகை வடிவங்களுக்கும் இந்த அணுகுமுறையைப் பொருத்திப் பார்க்க இடமுண்டு.

2. மூல ஆவணம் என்பது எது

திரைக்கதை என்று பொதுவாகச் சுட்டப்படுவது ஒற்றை ஆவணம் அன்று. கதைச் சுருக்கம், காட்சிகளை வரிசைப்படுத்தும் ஒன்லைன், உரையாடல் சேர்ந்த முழுப்பிரதி, படப்பிடிப்புத் தளத்தில் உதவி இயக்குநரின் கையில் உள்ள வசனத்தாள், தணிக்கைக்கு அளிக்கப்படும் பிரதி, படம் வெளியான பிறகு அச்சாகும் நூல் எனப் பல படிநிலைகள் உள்ளன. தமிழ் எழுத்தறியாத நடிகருக்காக உரையாடலை ரோமன் எழுத்திலோ தேவநாகரியிலோ எழுதித்தரும் தாளும் ஒரு வடிவமே. இவற்றுள் எது மூலம் என்னும் கேள்விக்கு எல்லாப் படங்களுக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது.

மூல ஆவணம் என்பது தனி நபர் எழுதி முடித்த நூலாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஜெமினி நிறுவனத்தில் எஸ்.எஸ். வாசன் அமைத்திருந்த கதை இலாகாவில் கொத்தமங்கலம் சுப்பு உள்ளிட்ட பலர் கூடிக் கதையை உருவாக்கினர். அங்கு மூலம் என்பது ஒரு கூட்டு உடன்பாடு. இன்னின்ன காட்சிகள், இன்னின்ன திருப்பங்கள், இன்ன முடிவு என்று பலர் ஒப்புக்கொண்ட வரைவு அது.

இக்கட்டுரை இவ்வரைவில் இரு கூறுகளைப் பிரித்துக் காண்கிறது. வடிவம் மாறினாலும் மாறாதிருக்க வேண்டும் என்று கருதப்பட்டவை நிலையிடங்கள். வடிவத்தை எழுதுபவர் இட்டு நிரப்ப வேண்டும் என்று விடப்பட்டவை நிரப்பிடங்கள். காட்சி வரிசை, மையச் சிக்கல், முடிவு ஆகியவை பெரும்பாலும் நிலையிடங்களாக அமைகின்றன. உரையாடல், பெயர், ஊர், உறவுச்சொல், பாட்டு, நகைச்சுவை ஆகியவை நிரப்பிடங்களாகின்றன.

நிலையிடங்கள் அனைத்தும் ஒன்றாக இருந்தாலும் வடிவங்கள் வேறு பிரதிகளாகலாம் என்பதற்கு உலகத் திரை வரலாற்றில் அறியப்பட்ட சான்று 1931இல் யுனிவர்சல் நிறுவனம் எடுத்த டிராகுலா. ஒரே அரங்குகளில் பகலில் ஆங்கிலப் படக்குழுவும் இரவில் ஸ்பானியப் படக்குழுவும் பணியாற்றின. திரைக்கதை ஒன்றே, எனினும் ஸ்பானிய வடிவம் ஆங்கில வடிவத்தைவிட ஏறத்தாழ அரை மணி நேரம் நீளமானது. ஒரே காட்சியை எவ்வளவு நேரம் நீட்டிக்கலாம் என்னும் முடிவுகூட ஒரு வாசிப்பே என்பதை இந்நீளம் காட்டுகிறது.

3. உறவுச்சொல் என்னும் நிரப்பிடம்: மிஸ்ஸியம்மா

1955 ஜனவரியில் விஜயா நிறுவனத்தின் தயாரிப்பில் எல்.வி. பிரசாத் இயக்கிய மிஸ்ஸம்மா தெலுங்கிலும் மிஸ்ஸியம்மா தமிழிலும் சில நாள் இடைவெளியில் வெளிவந்தன. 1957இல் அதே இயக்குநர் ஏவி.எம். நிறுவனத்திற்காக மிஸ் மேரி என்ற பெயரில் இந்தி வடிவத்தை இயக்கினார். சக்கரபாணி அமைத்த கதையின் பின்னே ரவீந்திரநாத் மைத்ராவின் வங்க நாடகமான மான்மயி கேர்ள்ஸ் ஸ்கூல் உள்ளது. ஆக, வங்கத்தில் தோன்றிய ஒரு கரு மூன்று மொழிகளில் மூன்று திரைக்கதைகளாயிற்று.

கணவன் மனைவியாக இருந்தால்தான் ஆசிரியப் பணி கிடைக்கும் என்பதால் ஒரு கிறித்தவப் பெண்ணும் ஓர் இந்து இளைஞனும் தம்பதியராக நடிப்பது மையச் சிக்கல். மூன்று வடிவங்களிலும் இது நிலையிடம். பாத்திரங்களின் எடையோ வடிவத்துக்கு வடிவம் வேறுபடுகிறது. துப்பறிவாளனாகத் தன்னைக் கருதிக்கொள்ளும் ராஜு என்னும் பாத்திரத்தைத் தெலுங்கில் அக்கினேனி நாகேஸ்வர ராவும், தமிழில் கே.ஏ. தங்கவேலுவும், இந்தியில் கிஷோர் குமாரும் ஏற்றனர். தெலுங்கில் காதல் நாயகனாகப் புகழ்பெற்ற ஒருவர் ஏற்ற இடம் தமிழில் நகைச்சுவை நடிகருக்குரிய இடமாகிறது. இந்தியில் பாடவும் சிரிக்கவைக்கவும் வல்ல நடிகர் அதை எடுத்துக்கொள்கிறார். மூல ஆவணத்தில் ஒரே பெயரால் குறிக்கப்பட்ட பாத்திரம் நாயகத்தன்மைக்கும் நகைச்சுவைக்கும் இடையே மூன்று வெவ்வேறு புள்ளிகளில் நிற்கிறது.

இப்பாத்திரத்தின் உறவுமுறை மேலும் நுட்பமான நிரப்பிடம். ராஜு ஜமீன்தாருக்கு மருமகன் முறை. ஜமீன்தாரின் இளைய மகளை விரும்புபவன். தமிழில் மருமகன் என்னும் சொல் உடன்பிறந்தாளின் மகனையும் மகளின் கணவனையும் ஒருசேரக் குறிக்கும். எனவே அச்சொல் உரையாடலில் முதன்முறை வரும்போதே ஒரு திருமண எதிர்பார்ப்பைக் கொண்டுவந்துவிடுகிறது. கதை அதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. தெலுங்குச் சமூகத்திலும் இம்முறைமை உண்டு என்பதால் இரு தென்னக வடிவங்களுக்கும் இங்கு இடர்ப்பாடு எழவில்லை. வங்கத்திலும் இந்தி வழங்கும் நிலப்பகுதியின் பெரும்பான்மைச் சமூகங்களிலும் மாமன் மகளை மணப்பது வழக்கமன்று. இந்தியில் பான்ஜா என்பதும் தாமாத் என்பதும் ஒன்றோடொன்று கலவாத இரு உறவுகள். தமிழில் எதிர்பார்ப்பைத் தூண்டும் உறவு அங்கே தடையாக நிற்கக்கூடும்.

ஒரு மூல ஆவணத்தில் மருமகன் என்ற ஒற்றைச் சொல்லை எழுதி வைத்து மூன்று மொழிகளுக்கும் அனுப்ப முடியாது என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. கதையின் ஒரு திருப்பம் சொல்லின் பொருட்பரப்புக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. தமிழ் வடிவத்திற்கு உரையாடலும் பாடல்களும் எழுதிய தஞ்சை ராமையாதாஸ் இத்தகைய இடங்களில் மொழிபெயர்ப்பாளரைவிடப் பெரிய பணியைச் செய்தார். 1957இல் வெளிவந்த மாயாபஜாரிலும் தெலுங்கு உரையாடலைப் பிங்களி நாகேந்திர ராவும் தமிழ் உரையாடலைத் தஞ்சை ராமையாதாஸும் எழுதினர். பிங்களி புனைந்த விளையாட்டுச் சொற்கள் தெலுங்கின் ஒலியமைதிக்குள் பிறந்தவை. அந்தச் சிரிப்பைத் தமிழில் எழுப்ப வேண்டியவர் தமிழின் ஒலிக்குள்ளிருந்தே அதைத் தேடியாக வேண்டும். படப்பிடிப்புக்கூடக் காலத்து இருமொழிப் படங்கள் தமிழ்ப்படங்களாகவே இன்றும் நினைவில் நிற்பதற்கு இவ்வெழுத்தாளர்களுக்குக் கிடைத்த உரிமை ஒரு முதன்மைக் காரணம் எனலாம்.

4. தலைப்பும் நகரமும்: ஆய்த எழுத்து, யுவா

2004 மே மாதம் மணிரத்னம் இயக்கத்தில் ஆய்த எழுத்து தமிழிலும் யுவா இந்தியிலும் ஒரே நாளில் வெளியாயின. தமிழ் உரையாடலைச் சுஜாதாவும் இந்தி உரையாடலை அனுராக் காஷ்யப்பும் எழுதினர். மூன்று இளைஞர்களின் வாழ்வு ஒரு பாலத்தின்மீது நிகழும் துப்பாக்கிச்சூட்டில் வந்து இணைகிறது. பின்னர் மூவரின் முன்கதையும் ஒன்றன்பின் ஒன்றாக விரிகிறது. இக்கட்டமைப்பு இரு வடிவங்களுக்கும் பொது.

தலைப்பிலேயே நிரப்பிடம் தொடங்குகிறது. யுவா என்பதற்கு இளைஞன் என்று பொருள். அது எந்த இந்திய மொழிக்கும் எளிதில் செல்லும் சொல். ஆய்தம் தமிழுக்கேயுரிய எழுத்து. முப்பாற்புள்ளி என்று தொல்காப்பியம் சுட்டும் அவ்வெழுத்தின் மூன்று புள்ளிகளும் படத்தின் மூன்று நாயகர்களுக்கு வரிவடிவக் குறியீடாகின்றன. குறிலுக்கும் வல்லின உயிர்மெய்க்கும் இடையில் நின்றே ஒலிக்கும் சார்பெழுத்து என்னும் இலக்கணமும் தனித்து இயங்கவியலாத மூவரின் கதைக்குப் பொருந்திவருகிறது. ஆயுதம் என்ற சொல்லின் ஒலிச்சாயலும் உடன் சேர்கிறது. இத்தனையும் தமிழ்த் தலைப்பில் மட்டுமே இயலும். மூல ஆவணத்தில் இல்லாத ஒரு பொருளடுக்கைத் தமிழ் வடிவம் தன் எழுத்திலிருந்தே பெற்றுக்கொண்டது.

நகரம் அடுத்த நிரப்பிடம். தமிழ் வடிவம் சென்னையில் நிகழ்கிறது. இந்தி வடிவம் கொல்கத்தாவில் நிகழ்கிறது. கூவம் கடலில் கலக்கும் இடத்தருகே உள்ள நேப்பியர் பாலத்தின் இடத்தை அங்கே ஹூக்ளியின் மீதுள்ள வித்யாசாகர் சேது பெறுகிறது. காட்சி வரிசையில் இது ஒரு பெயர் மாற்றம் மட்டுமே. சமூகப் பொருளில் மாற்றம் பெரிது. தமிழில் மாதவன் ஏற்ற இன்பசேகர் சென்னைக்காரன். நகரத்தின் பேச்சு அவன் பேச்சு. இந்தியில் அபிஷேக் பச்சன் ஏற்ற லல்லன் சிங் பீகாரிலிருந்து கொல்கத்தாவுக்கு வந்தவன். ஆகவே ஒரே செயலைச் செய்யும் அடியாள், தமிழில் நகரம் தன் மடியில் வளர்த்த வன்முறையாகவும் இந்தியில் நகரத்திற்குப் புலம்பெயர்ந்து வந்த வன்முறையாகவும் பொருள்படுகிறான். யாரைப் பொறுப்பாளியாக்குவது என்னும் அறக்கேள்விக்கு இரு வடிவங்களும் இருவேறு விடைகளை நோக்கி வாசகரை நகர்த்துகின்றன.

மாணவர் அரசியலும் இவ்வாறே. சென்னையில் மாணவர்கள் அரசியலுக்கு வருவதாகக் காட்டும்போது 1965ஆம் ஆண்டின் இந்தி எதிர்ப்புப் போராட்டம் பார்வையாளரின் நினைவில் எழும். கொல்கத்தாவில் அதே காட்சி 1960களின் இறுதியில் கல்லூரிகளிலிருந்து நக்சல்பாரி இயக்கத்திற்குச் சென்றவர்களின் நினைவைத் தொடும். இரு வரலாறுகளையும் பெயர்சொல்லி அழைக்காமல், இரண்டுக்கும் பொதுவான இளைஞர் எழுச்சி என்ற அளவில் மூல ஆவணம் நின்றுகொள்கிறது. இங்கேதான் தமிழ் வடிவத்தின் குறை தெரிகிறது. திராவிட இயக்கத்தின் மாணவர் அரசியல் பின்புலம் கொண்ட ஒரு மாநிலத்தில், அப்பின்புலத்தின் சுவடின்றி மாணவர் தலைவன் ஒருவன் புதிதாகத் தோன்றுவது நம்பகத்தைக் குறைக்கிறது. பாரதிராஜா ஏற்ற செல்வநாயகம் என்னும் அரசியல்வாதியின் பேச்சிலும் உடல்மொழியிலும் தமிழ் நிலம் தெரிகிறது. அவரை எதிர்ப்பவனின் அரசியலுக்கு அத்தகைய வேர் தரப்படவில்லை.

சென்னை என்பதும் ஒரே சென்னை அன்று. நகரின் விளிம்பில் வாழும் தொழிலாளியின் மகன் என்று ஒரு மூல ஆவணம் குறிப்பிடுவதாகக் கொள்வோம். தமிழ் எழுத்தாளர் அவனை ராயபுரத்தில் வைக்கலாம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை ஒட்டிய மண்ணூர்பேட்டையிலும் வைக்கலாம். முதலாவதில் துறைமுகமும் மீன்பிடித் தொழிலும் தலைமுறைகளாகத் திரண்ட வடசென்னைப் பேச்சும் கூடவரும். இரண்டாவதில் பட்டறை, ஷிப்டு, ஒப்பந்தக் கூலி ஆகியவையும், பிற மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வந்து குடியேறியவர்களின் கலப்புப் பேச்சும் வரும். நகர விளிம்பு என்னும் சொல் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. நிரப்பிடத்தை நிரப்புபவர் ஊரின் பெயரோடு நின்றுவிட்டால் வெற்றிடம் வெற்றிடமாகவே இருக்கும். அவ்வூரின் வேலையும் பேச்சும் உரையாடலுக்குள் வரும்போதே அது நிரம்பும்.

5. பெயரும் சமூகமும்: இராவணன், ராவண்

2010 ஜூன் மாதம் வெளியான இராவணன், ராவண் ஆகிய இரு வடிவங்களுக்கும் மூலம் இராமாயணக் கதையமைப்பு. இராமாயணமே பல மொழிகளில் பல பாடங்களாக வழங்குவது என்பதால், இங்கு மூலம் என்று சுட்டப்படுவதே ஒரு பாடத்தொகுதிதான். தமிழ் உரையாடலைச் சுகாசினியும் இந்தி உரையாடலை விஜய் கிருஷ்ண ஆச்சார்யாவும் எழுதினர். தமிழில் வீரையாவாக நடித்த விக்ரம், இந்தியில் அவனை வேட்டையாடும் காவல் அதிகாரி தேவாக நடித்தார். தமிழில் அந்த அதிகாரி பிரித்விராஜ். இந்தியில் பீரா அபிஷேக் பச்சன். ராகினியாக இரண்டிலும் ஐஸ்வர்யா ராய்.

நடிகர் பங்கீட்டில் உள்ள இவ்விடமாற்றம் தனியே கருதத்தக்கது. இரு வடிவங்களையும் பார்த்தவருக்கு, கடத்திச் சென்றவனும் தேடிச் சென்றவனும் ஒரே உடலில் தோன்றுகின்றனர். நாயகன், எதிர்நாயகன் என்னும் எல்லை நிலையற்றது என்பது படத்தின் உள்ளடக்கம். தனித்தனியாக எந்த வடிவமும் இவ்வளவு கூர்மையாகச் சொல்லாத அதை, இரு வடிவங்களுக்கும் இடைப்பட்ட உறவு சொல்லிவிடுகிறது. பாடங்களை ஒப்பிடுபவருக்கே கிட்டும் மூன்றாவது பாடம் இது.

தலைப்பைப் பொறுத்தவரை, ஒரே பெயர் இரு மொழிகளிலும் ஒரே பொருளைத் தரவில்லை. இராவணனைத் தமிழ்த்தலைவனாகக் கொண்டு புலவர் குழந்தை இயற்றிய இராவண காவியம் 1946இல் வெளிவந்து, 1948இல் தடைசெய்யப்பட்டு, 1971இல் தடை நீங்கப்பெற்றது. அந்நூலை அறியாத பார்வையாளருக்கும் இராவணன் என்னும் பெயரில் ஓர் அரசியல் சார்பு ஒலிக்கும் சூழல் தமிழகத்தில் உண்டு. இந்தி நிலப்பகுதியில் ஆண்டுதோறும் தசராவில் எரிக்கப்படும் உருவத்தின் பெயர் ராவண். எனவே இந்தி வடிவம் பார்வையாளரின் நம்பிக்கைக்கு எதிராகத் தன் நாயகனை நிலைநிறுத்த வேண்டியிருந்தது. தமிழ் வடிவத்திற்கு அத்தகைய தடை மிகக் குறைவு. முன்னமே பாதி திறந்திருந்த கதவு அது. ஆயினும் இரு திரைக்கதைகளும் ஒரே அளவு தயக்கத்துடனேயே நாயகனை நெருங்குகின்றன. காட்சி வரிசை பொதுவாக இருக்க வேண்டும் என்னும் கட்டுப்பாடு, தமிழ் வடிவம் தன் மரபின் துணையைப் பயன்படுத்திக்கொள்ளாமல் தடுத்துவிட்டது.

சமூக அடையாளம் என்னும் நிரப்பிடம் இவ்வொப்பீட்டில் மிகத் தெளிவாகப் புலப்படுகிறது. இந்தி நாயகனின் முழுப்பெயர் பீரா முண்டா. முண்டா என்பது பழங்குடி மக்களின் பெயர். பிரித்தானிய ஆட்சியை எதிர்த்துப் போராடி 1900இல் சிறையில் இறந்த பிர்சா முண்டாவின் பெயரை அது நேரடியாக எதிரொலிக்கிறது. ஒரு பெயரால் நில உரிமை, காடு, அரச வன்முறை ஆகிய அனைத்தும் கதைக்குள் வந்துவிடுகின்றன. தமிழில் அவன் வீரையா மட்டுமே. அவன் எந்த மக்களைச் சேர்ந்தவன் என்பதைப் பெயர் சொல்வதில்லை. அவ்விடத்தைத் திருநெல்வேலி வட்டாரப் பின்னணி ஈடுசெய்ய முற்படுகிறது. ஆனால் வட்டாரம் ஒரு நிலப்பரப்பைக் காட்டுமேயன்றி, அந்நிலப்பரப்பில் யார் யாருக்குக் கீழ் வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்பதைத் தானாகக் காட்டிவிடாது. அரசுக்கும் வீரையாவின் மக்களுக்கும் இடையிலான பகையின் காரணம் தமிழ் வடிவத்தில் மங்கலாக இருப்பதற்கு இவ்வெற்றிடமே காரணம்.

இதற்கு நேர்மாறான நிலையை மாரி செல்வராஜின் பரியேறும் பெருமாள் (2018) காட்டுகிறது. அங்கு ஊர், பேச்சு, சாதி ஆகியவற்றை நீக்கிவிட்டால் எஞ்சுவதற்குக் கதை இல்லை. பிற படங்களில் நிரப்பிடங்களாக விடப்பட்டவை அப்படத்தில் நிலையிடங்கள். அக்கதை இந்திக்கு 2025இல் தடக் 2 என்னும் மறுவாக்கமாகவே சென்றது. தமிழில் எழுதி முடிக்கப்பட்ட ஒரு பிரதியைப் பிற்காலத்தில் வேறொருவர் தம் சமூகத்திற்காக மீட்டெழுதுவதும், தொடக்கத்திலேயே பல மொழிகளுக்காக எழுதுவதும் இருவேறு செயல்கள் என்பது இவ்வேறுபாட்டால் விளங்கும்.

6. மாற்றம் வேண்டாத மொழி: பாகுபலி

வி. விஜயேந்திர பிரசாத்தின் கதையை எஸ்.எஸ். ராஜமௌலி இயக்கிய பாகுபலியின் இரு பாகங்கள் 2015இலும் 2017இலும் வெளிவந்தன. படம் தெலுங்கிலும் தமிழிலும் உருவாக்கப்பட்டது. இந்தி, மலையாளம் ஆகியவற்றுக்குக் குரல்மாற்றம் செய்யப்பட்டது. தமிழ் உரையாடலை மதன் கார்க்கி எழுதினார். தெலுங்கில் மாஹிஷ்மதி எனப்பட்ட நாடு தமிழில் மகிழ்மதி ஆயிற்று. வடசொல்லைத் தமிழ் ஒலிக்கு இசைவித்ததோடு மகிழ்வு என்னும் பொருளையும் ஏற்றிய இம்மாற்றம், நிரப்பிடத்தில் எழுத்தாளர் செலுத்தக்கூடிய உரிமைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு.

அதே எழுத்தாளர் காலகேயருக்காகக் கிளிக்கி என்னும் செயற்கை மொழியையும் உருவாக்கினார். எல்லா வடிவங்களிலும் மாற்றமின்றி ஒலிப்பது அம்மொழி மட்டுமே. தெலுங்குப் பார்வையாளரும் தமிழ்ப் பார்வையாளரும் இந்திப் பார்வையாளரும் அதை ஒரே அளவு புரியாமையுடன் கேட்கின்றனர். எவருக்கும் தாய்மொழி ஆகாத மொழியை எந்த மொழிக்கும் மாற்ற வேண்டியதில்லை. பல மொழிகளுக்கென எழுதப்படும் மூல ஆவணம் எந்தத் திசையில் இழுக்கப்படுகிறது என்பதை இந்த எடுத்துக்காட்டு தெளிவாக்குகிறது. மாற்றவேண்டிய இடங்கள் குறையக் குறைய உற்பத்தி எளிதாகிறது. கற்பனை நாடு, பெயரில்லாக் காலம், வீரம், பழிவாங்கல், தாய்ப்பாசம் ஆகியவை உறவுச்சொல்லாலும் ஊர்ப்பெயராலும் சாதிப்பெயராலும் தடுக்கப்படாமல் மொழி எல்லைகளைக் கடக்கின்றன.

பாகுபலியின் கதையுலகிற்கு இது குறையன்று; தொன்மப் புனைவுக்கு அத்தகைய இடமின்மை இயல்பு. சமகால வாழ்வைச் சொல்லும் கதைகளுக்கும் இதே முறை பின்பற்றப்படும்போதுதான் சிக்கல் எழுகிறது. மதுரையும் இருக்கலாம், விசாகப்பட்டினமும் இருக்கலாம், மங்களூரும் இருக்கலாம் என்னும்படி எழுதப்பட்ட தெருவில் எவரும் எவரையும் மாமா என்றோ, அண்ணாச்சி என்றோ, நைனா என்றோ அழைப்பதில்லை. குரல்மாற்றத்தின்போது நடிகரின் உதட்டசைவுக்கு ஒத்த அசைகளைத் தேட வேண்டிய கட்டாயமும் சேர்ந்துகொள்கிறது. விளைவாக வரும் உரையாடல் இலக்கணப் பிழையின்றி இருந்தும் யாருடைய தமிழாகவும் இருப்பதில்லை.

7. ஆய்வுமுறைக்குச் சில முன்மொழிவுகள்

மேற்கண்ட ஒப்பீடுகளிலிருந்து திரைக்கதை ஆய்வுக்குப் பயன்படும் நெறிகள் சில பெறப்படுகின்றன.

முதலாவது, மேற்கோள் நெறி. ஒரு படத்தைச் சுட்டும்போது மொழி வடிவம், வெளியான ஆண்டு, ஒப்பிடப்பட்ட பிரதியின் வகை ஆகியவற்றைக் குறிப்பிடுதல் வேண்டும். அச்சிட்ட திரைக்கதை நூல் படத்தைப் பார்த்து எழுதப்பட்டதாக இருக்கலாம். படப்பிடிப்புக்கு முந்தைய பிரதியாகவும் இருக்கலாம். இரண்டையும் ஒன்றாகக் கொண்டு எழுத்தாளரின் நோக்கத்தை முடிவுசெய்வது ஏடு பார்க்காமல் பாடம் துணிவதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, ஆசிரியத்துவம். தஞ்சை ராமையாதாஸ், சுஜாதா, சுகாசினி, மதன் கார்க்கி ஆகியோர் செய்த பணியை உரையாடல் என்னும் ஒரே சொல்லால் குறித்து நின்றுவிடுவது போதாது. தமிழ் வடிவத்தின் பொருளைத் தீர்மானித்த முடிவுகளுள் எவை அவர்களுடையவை, எவை மூல ஆவணத்தில் முன்னரே கட்டப்பட்டிருந்தவை என்று பிரித்துக் காட்ட வேண்டும். ராவண் பெயரிட்ட இடத்தை இராவணன் பெயரிடாமல் விட்டதற்கு உரையாடலாசிரியரை மட்டும் பொறுப்பாக்க முடியாது என்பது இந்நெறியின் பயன்.

மூன்றாவது, ஆவணக்காப்பு. திருத்தங்களின் வரிசையைக் காட்டுவதற்காக ஹாலிவுட்டில் திருத்திய பக்கங்களை வெள்ளை, நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், பச்சை எனத் தாளின் நிறத்தால் வேறுபடுத்தும் வழக்கம் உள்ளது. ஒரு காட்சி எப்போது மாறியது என்பதைப் பிற்காலத்தவர் அதனால் அறிய முடியும். தமிழகத்தில் படம் முடிந்ததும் வசனத்தாள்களுக்கு மதிப்பில்லாமற் போய்விடுகிறது. பாட்டுப் புத்தகங்களை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்கள் பேணியதால் பழைய படங்களின் பாடல்களும் கதைச் சுருக்கங்களும் ஆய்வாளருக்குக் கிடைக்கின்றன. வசனத்தாள்களும் அவ்வாறு தொகுக்கப்பட வேண்டியவை. ஒவ்வொரு மொழி வடிவமும் தனித்தனியே தணிக்கைச் சான்று பெற வேண்டும் என்று நெடுங்காலம் இருந்ததால், அரசு நடைமுறை ஒவ்வொன்றையும் தனிப்படமாகவே கருதிவந்தது. ஆய்வுலகம் அவ்வளவேனும் செய்வது தகும். இன்று மென்பொருளில் ஒரே கோப்பிலிருந்து பல வடிவங்கள் பிரிக்கப்பட்டு, புதியது பழையதன்மேல் சேமிக்கப்படுகிறது. தாளில் எஞ்சியிருந்த அடித்தல் திருத்தல்கூட அங்கு எஞ்சாது என்பதால் இத்தேவை மேலும் அவசரமானது.

8. முடிவுரை

ஒரு மூலத்திலிருந்து பல திரைக்கதைகளை எழுதுவது தமிழ்த் திரைக்கதையை இயல்பாகவே நலிவுறச் செய்யும் என்று கூற இடமில்லை. மிஸ்ஸியம்மாவில் தமிழ் உறவுச்சொல் கதைக்கு ஒரு திருப்பத்தை எளிதாக்கித் தந்தது. ஆய்த எழுத்தின் தலைப்பு தமிழ் வரிவடிவத்திலிருந்து மூலத்தில் இல்லாத பொருளைப் பெற்றது. மகிழ்மதி என்னும் பெயர் எழுத்தாளரின் உரிமைக்குச் சான்றாகிறது. மூல ஆவணம் வெற்றிடங்களை விட்டிருப்பதில் தீங்கில்லை. அவற்றை நிரப்பும் உரிமை தமிழ் எழுத்தாளருக்கு எந்தக் கட்டத்தில், எவ்வளவு தரப்பட்டது என்பதே வடிவத்தின் தரத்தை முடிவுசெய்கிறது.

காட்சி வரிசை முழுவதும் இறுகிய பின்னர் உரையாடலுக்காக மட்டும் அழைக்கப்படும் எழுத்தாளர், ஊர்ப்பெயரையும் பேச்சுச்சாயலையும் மாற்றலாமே தவிர, நாயகன் யாருக்கு எதிராக நிற்கிறான் என்பதை மாற்ற முடியாது. ஆய்த எழுத்தின் மாணவர் அரசியலும் இராவணனின் பெயரிடப்படாத மக்களும் இந்த எல்லையைக் காட்டுகின்றன. சாதியும் உறவும் ஊரும் தமிழ்க் கதைகளில் பின்னணி அலங்காரங்களாக இருந்ததில்லை. கதை நகர்வதற்கான காரணங்களாகவே இருந்துள்ளன. அவற்றைப் பிற்பாடு இட்டு நிரப்பிக்கொள்ளலாம் என்னும் எண்ணத்துடன் எழுதப்படும் மூல ஆவணம், தமிழ் வடிவத்திடமிருந்து அதன் காரணங்களையே எடுத்துக்கொள்கிறது. இருமொழி, பன்மொழிப் படங்களின் வடிவங்களைப் பாடங்களாகக் கொண்டு வரிசையாக ஒப்பிடும் ஆய்வுகள் பெருகுமாயின், இவ்விழப்பு எங்கெங்கு நேர்ந்தது, எங்கெங்கு தவிர்க்கப்பட்டது என்பதைப் படந்தோறும் சான்றுடன் காட்ட இயலும்.